ஆறாவது ஸ்பூன்

அவரை விதை ராத்திரி முழுக்க ஊறி உப்பிவிட்டது. இனி அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்கின் நிழலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் எவர்சில்வர் தம்ளரை வைத்துக்கொண்டு, தையல்நாயகி அதை எட்டி எட்டிப் பார்த்தாள். தொடவில்லை. விதையைத் தொடாமல் பார்ப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு, கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். ஒன்றிரண்டில் தோல் விரிந்து வெள்ளையாக மூக்கு வெளியே வந்திருந்தது. அடக் கடவுளே, அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு, என்று வாய்விட்டே சொன்னாள். எல்லாம் அவர் செய்த வேலை. அவர் என்றால் அவள் புருஷன் கலியபெருமாள், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையரானவர், பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கீழே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறவர். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்காமல் கொள்ளாமல் விதைப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து அப்படியே தம்ளரில் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டார். "ஊறப்போட்டாச்சு. காலைல புதன்கிழமை. போட்டுடு" என்றார், என்னவோ இட்லிக்கு உளுந்து ஊறப்போட்ட மாதிரி. "நானா?" என்றாள். "பின்ன, டேங்க்கு எறங்கி வந்து போடுமா?" என்றார். நீங்களே போடுங்க என்று சொல்ல முடியாது, அதற்கு வழியை அடைத்தவளும் அவளேதான், போன வாரம் அவர் இடது கையால் போட்டுக்கொள்கிறேன் என்றபோது, "எடது கையால யாராச்சும் வெதை போடுவாங்களா? வெளங்குமா அது?" என்று கத்தித் தீர்த்துவிட்டாள். சரி, பக்கத்து வீட்டு ஜெசிந்தாவைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். "அந்தம்மா வெச்ச ரோஜாச்செடியே நம்ம கண்ணு முன்னாடி செத்துப்போச்சு, அத மறந்துட்டியா" என்றார். ஆக, ஒரு கை மாவுக்கட்டில் கிடக்கிறது, இன்னொரு கை இடது கை, மூன்றாவது கை ரோஜாவைக் கொன்ற கை. மிச்சமிருப்பது இவள் கை. அந்தக் கையைத்தான் புடவை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள், வெளியே தெரிந்தால் விதைகள் பார்த்துவிடும் என்பதுபோல.

மற்றபடி காலை நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். புரட்டாசி பாதிக்குமேல் ஓடிவிட்டது, வெயில் இன்னும் காய்ந்தாலும் அதில் பழைய கொழுப்பு இல்லை. மேற்கே பொன்மலைப் பக்கம் ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. நேற்று அவளே மண்ணைக் கொட்டிக் கிளறி, தென்னைநார்த் தூளும் தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து பைகளை நிரப்பி வைத்திருந்தாள். புண்ணாக்கு நாற்றம் மூக்கில் குடியேறிவிட்டது, ராத்திரி ரசம் சாதத்தில்கூட அந்த வாசம்தான் அடித்தது, ஆனாலும் அது அவளுக்குப் பிடித்த நாற்றம். மண் வேலை அவளுக்குப் பிடிக்கும். கிளறுவது, தண்ணீர் விடுவது, புழு பொறுக்குவது, பந்தலுக்குக் கயிறு கட்டுவது, காய் பறிப்பது, எல்லாம் அவள்தான். விதை போடுவது மட்டும் அவர். சமையல் எல்லாம் செய்துவிட்டு உப்பு போட மட்டும் ஒருவரைக் கூப்பிடுவதுபோல. இந்த வருஷத் திட்டம் கைப்பிடிச் சுவரில் சாக்பீஸில் எழுதப்பட்டிருந்தது, அவர் இடது கையால் எழுதியதால் எழுத்துகள் எல்லாம் குடித்துவிட்டு வந்த மாதிரி ஆடின. கிழக்கே பந்தல் ஓரம் அவரை. அதையடுத்து முள்ளங்கி, பீட்ரூட். டேங்கின் பக்கம் சிறுகீரையும் பாலக்கும். தெற்கே நர்சரியிலிருந்து வாங்கி வந்த தக்காளி நாற்று. மூலையில், போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் போல, காலிஃபிளவர். திருச்சி வெயிலில் காலிஃபிளவர் வராது என்று அவளும் தலைபாடாய் அடித்துக்கொண்டு பார்த்துவிட்டாள். வரும், குளிர் வந்தால் வரும் என்பார். வந்தது, எலுமிச்சம்பழம் அளவுக்கு. அதையும் அவர் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார், பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்து அளவு காட்டி, அந்தக் கட்டைவிரல்தான் படத்தில் பெரிதாகத் தெரிந்தது. இதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, தம்ளர் குலுங்கியது, ஒரு விதை புரண்டு மூக்கைக் காட்டியது, சிரிப்பு நின்றுவிட்டது.

கைராசி என்பது உண்டா இல்லையா என்று அவள் யாரிடமும் விவாதம் செய்ததில்லை. உண்டு என்பதற்கு அவளே சாட்சி, அதற்குமேல் என்ன விவாதம். ஆவணியில் கல்யாணம், புரட்டாசியில் மாமியார் ஒரு கை நிறையச் சுரை விதையைக் கொடுத்து, வேலியோரம் போடு, புது மருமக கை, நல்லா ஓடும் என்றார். மாமியார் குஞ்சம்மாள் கெட்டவர் இல்லை, வாய்தான் சூடு. தையல்நாயகி குளித்துவிட்டு ஈரத்தலையோடு, கிழக்கே பார்த்து நின்று, சாமியை நினைத்து, ஒவ்வொரு குழியாகப் போட்டாள். அந்த விதைகள் கையில் இருந்தபோது எப்படி இருந்தன என்று இப்போதும் விரலுக்குத் தெரியும், தட்டையாக, ஓரத்தில் காது வைத்த மாதிரி. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. வேலி முழுக்க ஒன்றே ஒன்று எட்டிப்பார்த்தது. சரி, அந்த ஒன்றாவது வந்ததே என்று அதற்குப் பிள்ளைக்குப் பார்ப்பதுபோல் பார்த்தாள், அதுவும் கொழுகொழுவென்று ஓடி, பூத்து, காய்த்து, காய் இவ்வளவு நீளம், ஊரே பார்த்தது. பறித்துக் கூட்டு வைத்தால் கசப்பு. சாதாரணக் கசப்பா, வேப்பங்கொழுந்தை மென்ற கசப்பு. மாமனார் முதல் வாயிலேயே துப்பிவிட்டார். மாமியார் இலையைப் பார்த்தபடியே, கோபம்கூட இல்லாமல், "இது கைராசி இல்லாத கை. இனிமே வெதைய இவ கையில குடுக்காதீங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம், மோர் ஊத்திக்கம்மா, நீ ஒண்ணுமே சாப்புடல என்று அவரே இவள் இலையில் மோரும் ஊற்றினார். ஊற்றிய மோர் மறந்துபோயிருக்கலாம், சொன்ன சொல் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் விதை என்றால் கலியபெருமாள் என்றாகிவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பி விதையைக் கையில் கொடுப்பார்கள், அவர் அரைத்தூக்கத்தில் போட்டாலும் முளைத்தது. மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும், குவார்ட்டர்ஸை விட்டு இந்தச் சொந்த வீட்டுக்கு வந்தும், கொல்லை போய் மொட்டை மாடி வந்தும், அந்தச் சொல் மட்டும் சாமான்களோடு சாமானாக லாரியில் ஏறி வந்துவிட்டது.

சுரைக்காயோடு முடிந்திருந்தால் அவளும் மறந்திருப்பாளோ என்னவோ. அது அந்த வருஷம் மார்கழியில். அதற்கடுத்த வருஷம் புரட்டாசியில்தான் அது நடந்தது, வயிற்றில் ஐந்தாம் மாசம், நன்றாகத்தான் இருந்தாள், முந்தின நாள்வரை குடம் தூக்கினாள், மாங்காய் தின்றாள், காலையில் இடுப்பில் ஒரு இழுப்பு, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மாமியார் தலையைத் தடவிக்கொடுத்து, வென்னீர் வைத்து ஊற்றி, வாயே திறக்கவில்லை. அந்த வாய் திறக்காமல் இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மாமியார் சொல்லாததைத் தையல்நாயகியே தனக்குச் சொல்லிக்கொண்டாள்: போட்டது தங்காத கை, தங்காத உடம்பு, இரண்டும் ஒன்றுதானே. யாரிடமும் சொன்னதில்லை இதை, அம்மாவிடம்கூட, சாமியிடம்கூட. மகள் அபிராமி பிறந்தபோது அந்தப் பயம் அடங்கியது, ஆனால் போகவில்லை, உத்திரத்துப் பல்லி மாதிரி எங்கேயோ ஒட்டிக்கொண்டு எப்போதாவது சத்தம் கொடுக்கும். இப்போது கொடுக்கிறது. அபிராமிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, ஓசூரில், எத்தனையோ டாக்டரைப் பார்த்து, கோயிலுக்கெல்லாம் போய், இப்போதுதான் கரு தங்கியிருக்கிறது. ஐந்தாம் மாசம், இதே புரட்டாசி. கார்த்திகையில் வளைகாப்பு போட்டு இங்கே கூட்டி வரவேண்டும், தையில் பிரசவம். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அம்மா, நான் வர்றப்ப அவரைக்காய் காய்ச்சிருக்கணும், சொல்லிப்புட்டேன். கடையில வாங்கறது எல்லாம் தோலா இருக்கு. பிஞ்சு வேணும், நம்ம வீட்டுப் பிஞ்சு" என்றாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியத்துக்கும் பிஞ்சு அவரைதானே. ஆக, அவரை வந்தாக வேண்டும். வரவேண்டுமானால் இன்றைக்குப் போட்டாக வேண்டும், வங்கக்கடலில் என்னவோ தாழ்வு மண்டலமாம், மழை பிடித்துக்கொண்டால் ஊறிய விதை மண்ணுக்குள் போகும் முன்னே அழுகிவிடும். இவள் போட்டு, முளைக்காமல் போனால்? காய்கறி வாங்கிக்கொள்ளலாம், அது ஒரு பெரிய விஷயமா. ஆனால் முளைக்காத அந்தப் பைகளை ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டு, அபிராமியின் ஆறாம் மாசத்தையும் ஏழாம் மாசத்தையும் எப்படித் தாண்டுவது? போன் மணி அடிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பைத்தியம், என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். பைத்தியம் என்று தெரிவதால் பைத்தியம் தெளிந்துவிடுகிறதா என்ன.

ஒரு வழி இருக்கிறது, இருக்கிறது, அதைத்தான் காலையிலிருந்து மனசு சுற்றிச் சுற்றி வருகிறது, நேரே பார்க்க மாட்டேன் என்கிறது. டேங்குக்குப் பின்னால், குழாய் வளையும் இடத்தில், செங்கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பழைய துணியில் சுற்றி ஒரு டீஸ்பூன் இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒர்க்‌ஷாப் ஆட்கள் சேர்ந்து கொடுத்த செட்டில் ஒன்று, கைப்பிடியில் ரோஜாப்பூ அச்சுப் போட்டது, ஆறு இருந்த இடத்தில் அடுக்களையில் ஐந்துதான் இருக்கும், விருந்தாளிகளோடு சேர்த்து ஆறு பேர் பாயசத்துக்கு உட்கார்ந்தால் ஒருவர் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்க வேண்டும், அந்த ஒருவர் எப்போதும் கலியபெருமாள். இத்தனை வருஷத்தில் அது எங்கே போனது என்று அவர் கேட்டதில்லை, ஆம்பளைக்கு ஸ்பூன் கணக்கு என்ன தெரியும். அந்த ஸ்பூன் கதை குவார்ட்டர்ஸில் தொடங்கியது. அபிராமி தவழ்ந்துகொண்டிருந்த வருஷம், அவர் போட்ட அவரையில் நடுநடுவே முளைக்காத குழிகள், பல்லு விழுந்த வாய் மாதிரி வரிசை அசிங்கமாக இருந்தது. மாமியார் அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தார். மிச்ச விதை மாடத்தில் கிடந்தது. கை துறுதுறுத்தது. கையால் போட்டால்தானே கைராசி? ஸ்பூனுக்கு ராசி ஏது, நட்சத்திரம் ஏது? ஸ்பூனால் குழி நோண்டி, விதையை ஸ்பூனிலேயே ஏந்தி, ஸ்பூனாலேயே கவிழ்த்து, ஸ்பூனின் முதுகால் மண்ணைத் தட்டிவிட்டு வந்தாள், விரல் ஒன்றுகூட விதையில் படவில்லை. அவை முளைத்தன. அது அவர் பாத்தி, அவர் குழி, அவர் ராசி, அதனால் முளைத்தது, நான் வெறும் எடுபிடி, என்று சாமிக்கே விளக்கம் சொல்லிவிட்டாள். அப்புறம் வருஷா வருஷம் அதே கதை. அவர் போட்டு முடித்துப் பெருமையாக வந்துவிடுவார், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வரிசைக்கு நாலைந்து குழி சும்மா கிடக்கும், இவள் அவர் வெளியே போன நேரம் பார்த்து ஸ்பூனோடு போவாள். ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் புரிந்ததே இல்லை. அந்தச் சும்மாக் குழிகளை நோண்டும்போது அழுகின விதை, தோல், ஒன்றுமே இருக்காது, துடைத்து வைத்த மாதிரி மண். எறும்புதான் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று எறும்பைத் திட்டுவாள். அவள் ஸ்பூனால் போட்டவை ஒரு வாரம் பிந்தி முளைத்து, பிந்திப் பூத்து, மற்றவை ஓயும்போது காய்க்க ஆரம்பிக்கும். பொங்கலுக்குக் கூடை நிறையப் பிஞ்சு பறித்ததெல்லாம் அந்தப் பிந்திய கொடிகளில்தான். அபிராமி சின்னவளாக இருந்தபோது பந்தலுக்கடியில் பாவாடையில் ஏந்திப் பச்சையாகவே தின்பாள்.

ஆனால் இன்றைக்கு ஸ்பூன் செல்லுமா? அதுதான் கேள்வி. இதுவரை அவர் கை முதலில் பட்டிருந்தது, பின்னால் போன ஸ்பூன் அந்தக் கணக்கில் போய்விட்டது. இன்றைக்கு முதல் விதையே ஸ்பூனால் என்றால், ஸ்பூனைப் பிடித்த கை யாருடையது என்று கேள்வி வருமா வராதா? பிடியில் துணியைச் சுற்றிக்கொண்டால்? கையுறை போட்டுக்கொண்டால்? சாமி என்ன மக்கா, கையுறையைப் பார்த்து ஏமாற. அவருடைய மாவுக்கட்டுக் கையை மாடிக்குக் கூட்டி வந்து விதையைத் தொடவைத்துவிட்டு நாம் ஸ்பூனால் போட்டால்? கட்டுக்கு வெளியே நாலு விரல் நுனி தெரிகிறதே, அது போதாதா? இந்த யோசனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய், எழுந்து டேங்குக்குப் பின்னால் குனிந்து, துணியைப் பிரித்து ஸ்பூனை எடுத்தும் விட்டாள். ரோஜாப்பூ தேய்ந்து வெறும் மேடாகிவிட்டிருந்தது. ஓரத்தில் போன வருஷத்து மண். கட்டைவிரலால் அதைத் தேய்த்தபடி நின்றாள், அந்த மண்ணைத் தேய்க்கும்போது ஒரு நிம்மதி வந்தது, எவ்வளவு சின்ன ஸ்பூன், எத்தனை கூடை அவரைக்காய். மழைக்காற்று மாதிரி ஒன்று சிலுசிலுவென்று வந்து தக்காளி நாற்றைத் தடவிவிட்டுப் போனது. ஒரு அணில் முள்ளங்கிப் பையின் விளிம்பில் உட்கார்ந்து இவளையே பார்த்தது. போ, நீ வேற, என்றாள். அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு படி, ஒரு மூச்சு, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கலியபெருமாள் ஏறி வந்துகொண்டிருந்தார், விழுந்த மனுஷன் கைப்பிடி இல்லாத படியில் ஏறலாமா, ஐயோ. தையல்நாயகி ஸ்பூனை அவசரமாக முந்தானைக்குள் சொருகினாள். "ஏங்க, உங்கள யாரு மேல வரச் சொன்னது? இன்னொரு கையையும் ஒடைச்சுக்கவா?" என்றாள். அவர் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வானத்தைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார். "இன்னும் போடலியா?" "போடறேன். நீங்க ஒரு தடவ வெதையத் தொட்டுக் குடுங்க, அந்த வெரல் நுனியால தொட்டாப் போதும்" என்று தம்ளரை நீட்டினாள். அவர் தொடவில்லை. "எங்கிட்ட எதுக்கு நீட்டற? முந்தானையில வெச்சிருக்கியே, அதால போடலாம்னு பாக்கறியா?" என்றார். "என்னத்த வெச்சிருக்கேன்?" "ஸ்பூன." அவளுக்குக் காது மடல் சூடானது. அந்த ஒரு வினாடியில் பொய் சொல்ல எத்தனையோ தோன்றியது, சீனி கலக்க எடுத்து வந்தேன், பூச்சி எடுக்க எடுத்து வந்தேன், வாய் மட்டும் வரவில்லை.

"குவார்ட்டர்ஸ் கொல்லையில, அபி தவழ்ந்துட்டிருந்தப்ப" என்றார் கலியபெருமாள், வானத்தைப் பார்த்துக்கொண்டே. "நைட் ஷிப்ட் முடிச்சு வர்றேன், வேலிப்பக்கம் சைக்கிள நிறுத்தறேன், நீ குத்துக்கால் வெச்சு உக்காந்து ஸ்பூனால வெதை போட்டுட்டிருக்க. கை படாம. கொழந்தைக்கு மருந்து குடுக்கறாப்புல. மொதல்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரல." "அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?" "சொன்னா நிறுத்திப்புடுவ. ஒன்ன எனக்குத் தெரியாதா? அந்த வருஷம் ஏதோ நெசமாவே மொளைக்கல, கெழட்டு வெதை. அதுக்கப்புறம்..." என்று நிறுத்தி, இடது கையால் மாவுக்கட்டை ஒருதரம் சொறிய முயன்று, முடியாமல் விட்டார். "அதுக்கப்புறம் நான் எல்லாக் குழியிலயும் வெதை போட்டதே இல்ல தையலு. வரிசைக்கு நாலஞ்சு சும்மா நோண்டி, சும்மா மூடிட்டு வந்துடுவேன். நீ பின்னால போவியே, அதுக்குத்தான்." அவள் அவரையே பார்த்தாள். சும்மா நோண்டி, சும்மா மூடி. துடைத்து வைத்த மாதிரி மண். அழுகின விதை இல்லை, தோல் இல்லை. அது அவர் போட்டு முளைக்காத குழி இல்லை, அவர் போடாத குழி, அவர் கையே படாத விதை, அப்படியானால் பொங்கல் கூடை, பந்தலுக்கடியில் பாவாடை, பிஞ்சு பிஞ்சு என்று இன்றைக்கும் போனில் கேட்கிறாளே அந்தப் பிஞ்சு, அது முழுக்க, முதல் விதையிலிருந்து முழுக்க, யார் போட்டது? "இத்தன வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க" என்றாள். "ஆமா" என்றார். "நான் எறும்பைப் போய்த் திட்டிட்டிருந்திருக்கேன்." "எறும்புக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றார் அவர். அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, அதற்குக் கீழே எங்கிருந்தோ ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், ஸ்பூன் நழுவித் தரையில் விழுந்து ணங்கென்றது. அணில் ஓடிப்போனது. பிறகு அவர், அவள் முகத்தைப் பார்க்காமல், பந்தல் கயிற்றைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "அந்தப் புள்ளைக்கும் சொரைக்காய்க்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது தையலு." அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. சாமியிடம்கூட.

அவள் கேட்கவில்லை, எப்படித் தெரியும் என்று. ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் தூங்கி எழுந்தால் சுவருக்கும்தான் தெரியும். பந்தலோரம் முதல் பையின் முன்னால் மண்டியிட்டாள், முழங்கால் இரண்டும் முனகின, வலது கையை முந்தானையிலிருந்து எடுத்துத் தம்ளருக்குள் விட்டாள். விதைகள் வழுவழுவென்று, இளஞ்சூடாக, விரலுக்கிடையில் நழுவின. சுரை விதை மாதிரி இல்லை, இது உருண்டை, இதற்கு வேறு உடம்பு. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, பல்லி உத்திரத்தில்தான் இருந்தது, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய முடிந்தது. மூக்கு வெளியே வந்திருந்த ஒன்றை எடுத்து, மூக்கு கீழே போகும்படி வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். மண் ஈரமாக விரலைப் பிடித்துக்கொண்டு விட்டது. அபி, நல்லா இரு, என்றாள் மனசுக்குள், விதையைத்தான் சொன்னாளோ மகளைத்தான் சொன்னாளோ. அடுத்தது. அதற்கடுத்தது. அவர் வாளிமேல் உட்கார்ந்து, ஆழம் ஜாஸ்தி, கொஞ்சம் தள்ளிப் போடு, தண்ணிய மெதுவா ஊத்து என்று வாயாலேயே வேலை செய்துகொண்டிருந்தார், அவள் ஒன்றையும் காதில் வாங்கவில்லை, இந்த வேலை அவளுக்குத் தெரியும். கடைசிப் பைக்கு வந்தபோது குழி நோண்டினாள், சும்மா மூடினாள், எழுந்து நின்று கையைத் தட்டினாள். "ஒண்ணு விட்டுட்டியே" என்றார் கலியபெருமாள், கண் சிரிக்க. "கட்டுப் பிரிக்கட்டும். அது உங்களுக்கு" என்றாள். அவர் ரொம்ப நேரம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே கிடந்த ஸ்பூனைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

"சரி, இத நல்லாத் தேய்ச்சுக் கழுவி உள்ள வை. வளைகாப்புக்கு சம்பந்தி வீட்டுக்காரங்க வருவாங்க, அன்னிக்காச்சும் நானும் பாயசத்த ஸ்பூனால சாப்புடறேன்."